ராமையாவின் பச்சை நூல்

அன்று விடிந்ததிலிருந்து மழை. நோர்வூட் பக்கத்து மழை விட்டுவிட்டுப் பெய்யாது, ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் அப்போது ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள், நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஏறுவார்கள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வாசல் பலகையில் உட்கார்ந்து நான் ஸ்வெட்டர் பின்னுவேன்.

பார்வதி மற்றவர்களோடுதான் வந்தாள். தன் பத்து மாதப் பிள்ளை விஜிக்குப் பால் கொடுத்தாள். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவள் கிளம்பவில்லை. மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளியின் உள்ளே எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள்.

"ஸ்டெல்லாக்கா, யாரும் வர்றாங்களான்னு பாருங்க."

யாரும் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு அரிசிச் சாக்கை எடுத்து என் மடியில் வைத்தாள். சாக்குக்குள் ஒரு ஸ்வெட்டர். நல்ல பச்சை. அது யாருடையது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"கருமாதியன்னைக்கு அவரு துணி எல்லாத்தையும் ஆத்துல விட்டுட்டாங்க. இத மட்டும் ஒளிச்சு வச்சுட்டேன்" என்றாள்.

அவள் புருஷன் ராமையா இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆள். நிழல் மரத்துக் கிளை கழிக்க ஏறியவர் அங்கிருந்து விழுந்துவிட்டார்.

"ஆம்பள சட்ட, அதுலயும் செத்தவரு சட்ட. நான் போட்டுக்கிட்டா லயத்து வீடுகள்ல சும்மா விடுவாங்களா? இதப் பிரிச்சு எனக்கு ஒண்ணு பின்னிக் குடுங்கக்கா. பிரிச்சுப் பின்னிட்டா அது புதுசுதானே?"

"புதுசுதான்" என்றேன்.

"ஒரு இழகூட விட்டுறாதீங்க. மிச்சம் துண்டு துணுக்கு இருந்தாலும் குடுத்துருங்க. எல்லாம் எனக்கு வேணும்."

சரி என்றேன். அந்த ஸ்வெட்டரின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். மரப்பட்டை, பீடிப் புகை, வேர்வை எல்லாம் கலந்த ஒரு வாடை அதில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நான் பார்வதியின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமும் என் கைத்திறமையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே எழுதி வந்திருக்கிறேன். நீங்களும் பொறுத்துக்கொண்டு படித்தீர்கள். இந்த வாரம் அப்படி எழுத முடியாது.

அவிழ்த்துப் படித்தது

நான் பின்னல் படித்த கதையைக் கேட்டுப் பலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். எந்த வெள்ளைக்காரத் துரைசாணி கற்றுக் கொடுத்தார், எந்தக் கன்னியாஸ்திரீ கற்றுக் கொடுத்தார் என்று. ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லை. சாதாரணமாக ஊசி பிடித்துப் பின்னத் தெரிந்த பெண்கள் அந்தக் காலத்தில் ஏராளம். வண்ணம் வைத்துப் பூப்போட்டுப் பின்னத்தான் யாருக்கும் தெரியாது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயத்தில் துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். எங்கள் துரை பங்களாவின் சமையல்காரர் அப்பு, கையே வைக்காத ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து வந்து, "பூச்சி அரிச்சிருக்கு, ஒனக்கு வேணுமா?" என்று கேட்டார். மார்பு முழுக்க வரிவரியாகக் கட்டமும் நட்சத்திரமும். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டே இரண்டு நூல். ஒன்று முன்னால் கண்ணியாக விழும்போது மற்றது பின்னால் சும்மா ஓடுகிறது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கழுத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு வரி பிரிப்பேன், நிறுத்துவேன். சதுரக் கொப்பியில் ஒரு கண்ணிக்கு ஒரு கட்டம் என்று பென்சிலால் கறுப்பாக்குவேன். மறுபடி ஒரு வரி. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை இதே வேலை. அம்மா திட்டித் திட்டி ஓய்ந்தார். கடைசியில் ஸ்வெட்டர் போய்விட்டது, கொப்பி மிஞ்சியது. கழுத்திலிருந்து பிரித்ததால், பின்னும்போது கீழிருந்து ஏற வேண்டிய வரிகள் கொப்பியில் மேலிருந்து கீழே இறங்கின. இன்றைக்கும் எந்த டிசைனையும் மேலிருந்து கீழாகத்தான் எனக்கு யோசிக்க வரும்.

இல்லாத நூல்

அது வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். அரிசிக்கும் பருப்புக்குமே அல்லாடினோம். ஹட்டன் கடைத்தெருவில் மரவள்ளிக் கிழங்குக்கு வரிசை நின்ற நாட்களில் கம்பளி நூல் கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்துத்தான் புதியது பின்ன வேண்டும்.

பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி எடுத்து, வெந்நீரில் அலசி, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு நாளில் நேராகும். பிள்ளைக் காம்பராவின் பின் தாழ்வாரத்தில் எப்போதும் நாலைந்து நூல் கற்றைகள் தொங்கும். யாருடைய நூல் என்று அட்டைத் துண்டில் பெயர் எழுதிக் கட்டியிருப்பேன்.

ஒரே நிறம் ஒரு சட்டைக்குப் போதுமான அளவு எப்போதும் கிடைக்காது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். வண்ணம் வைத்துப் பின்னியது ஆசையால் மட்டுமல்ல, வேறு வழி இல்லாததாலும்தான். ஆனால் வழி இல்லாமல் செய்ததை நான் ரொம்பவும் நேசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எதிர் மலை

பிள்ளைக் காம்பரா வாசலிலிருந்து பார்த்தால் எதிரே ஒரு மலை. அடியில் கரும்பச்சைத் தேயிலை, நடுவில் இளம் கொழுந்தின் பச்சை, அதற்கு மேல் பத்து மணியானால் இறங்கிவிடும் மூடுபனி. அந்த மலையை ஒரு ஸ்வெட்டரில் கொண்டுவர வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பைத்தியம் பிடித்து அலைந்தேன்.

முதலில் படம் வரைவதைப் போல முயன்றேன். அசிங்கமாக வந்தது. பின்னால் ஓடும் இழை ஐந்து கண்ணிக்கு மேல் நீண்டால் தொங்கும், விரலில் மாட்டும். இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கிக்கொள்ளும். மலையின் வளைவு இந்தச் சட்டத்துக்குள் அடங்காது.

பிறகு ஒரு நாள் புரிந்தது. மலையை வரையவே வேண்டாம். தேயிலை நிரையைக் குறிக்கச் சின்னச் சின்னப் படிகளாக ஒரே பூவைக் கீழிருந்து மேல் வரை திருப்பித் திருப்பிப் போட வேண்டியது. அதன் பின்னணி நிறத்தை மட்டும் முப்பது வரிக்கு ஒரு தடவை ஒரு சாயல் மாற்றிக்கொண்டே போக வேண்டியது. கரும்பச்சை, பச்சை, சாம்பல், கடைசியில் தோளில் வெள்ளை. நூல் தீர்ந்து போவதே பனி இறங்குவதாகத் தெரியும். கொப்பியில் கட்டங்களை நிரப்பி முடித்தபோது நான் அழுதுவிட்டேன். தொட்டிலில் கிடந்த ஒரு பிள்ளையும் என்னைப் பார்த்துக் கூடவே அழுதது.

நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளுக்குத் துணிமணி விற்கும் கடை ஒன்றை ஒரு சிங்கள அம்மாள் வைத்திருந்தார், நோனா என்போம். அதுவரை என்னிடம் சாதாரணத் தொப்பி, காலுறைகள்தான் வாங்குவார். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "ஹரி லஸ்ஸனய்" என்றார், சிங்களத்தில் அவ்வளவு அழகு என்று. ஏப்ரல் சீசனுக்குள் பின்னிக் கொண்டுவந்தால் கண்ணாடி அலமாரியில் என் பெயரை எழுதி வைப்பதாகச் சொன்னார்.

என் பெயர். கங்காணி செக்ரோல் பேரேட்டில் எழுதும் பெயர் அல்ல, கண்ணாடிக்குப் பின்னால் எழுதி வைத்த பெயர். அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தேன்.

பாதிக்குப் பாதி

அதுவரை நான் மார்பில் ஒரு பட்டை, கையில் ஒரு பட்டை என்றுதான் பூப்போட்டிருக்கிறேன். உடம்பு முழுக்கப் பூ வைத்தது அதுவே முதல் தடவை. ஒரு நிறச் சட்டைக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்பது கைக்குத் தெரியும். இரண்டு நிறம் என்றால் அதில் பாதிக்குப் பாதி போதும் என்று பிரித்து வைத்துவிட்டேன்.

பின்னால் ஓடும் இழைக்கும் நூல் வேண்டும் என்பதை மறந்தே போனேன். முன்னால் தெரியாத நூலும் நூல்தானே! பின்னத் தெரியாத ஒருத்தி இந்தத் தவறைச் செய்ய மாட்டாள், கொஞ்சம் தெரிந்த என்னைப் போன்றவள்தான் செய்வாள்.

மார்பின் நடுவில், பச்சை சாம்பலாக மாறப்போகும் இடத்தில், நூல் தீர்ந்தது. இன்னும் பதினெட்டு வரி. அந்தப் பச்சை இல்லாவிட்டால் மலைக்கும் பனிக்கும் ஒட்டு இல்லை, இரண்டு தனித்தனிச் சட்டைகளைச் சேர்த்துத் தைத்தது போல நிற்கும். ஹட்டனில் தேடினேன், கொட்டகலையில் தேடினேன், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் பழைய ஸ்வெட்டர் கேட்டேன். சீசனுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பின் தாழ்வாரத்தில் பார்வதியின் பெயர் கட்டிய நூல் கற்றைகள் காய்ந்துகொண்டிருந்தன. பாசி பிடித்த கல்லின் பச்சை. நான் தேடிய அதே பச்சை.

ராமையா உயரமான மனிதர், பார்வதி சின்ன உடம்புக்காரி. முழங்கையிலும் மணிக்கட்டிலும் தேய்ந்து போனதைக் கழித்தாலும் அவளுக்கு இரண்டு கை வைத்துச் சரியாக வரும். ஒரு முழம்கூட மிஞ்சாது. அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஒரு கற்றையை எடுத்தேன். பிறகு வேறு பச்சை கிடைக்கும், ஈடு செய்துவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எடுத்த கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. அன்று பின்னிய வரிகள்தான் அந்த ஸ்வெட்டரிலேயே சீரான வரிகள்.

நோனா சொன்னபடி கண்ணாடியில் வைத்தார். ஒரு சிறு அட்டையில் ஆங்கிலத்தில் என் பெயர். நான் தெருவின் எதிர்ப் பக்கம் நின்று, பஸ் போகப் போக மறைத்தாலும் விடாமல், அரை மணி நேரம் பார்த்தேன். நாலாம் நாள் ஒரு வெளிநாட்டுக்காரர் அதை வாங்கிப் போய்விட்டார்.

சாயத் தண்ணி

பார்வதிக்கு நான் கொடுக்க வேண்டிய ஸ்வெட்டருக்கு இடது கை ஒன்று குறைந்தது. வேறு பச்சை கிடைக்கவில்லை. ஹட்டன் தெருவோரத்தில் பழந்துணி விற்கிறவரிடம் ஒரு நைலான் மப்ளர் இருந்தது. பச்சைதான், ஆனால் கண்ணைக் கூசும் பச்சை. வாங்கி வந்து பிரித்தேன்.

நாம் குடிக்கும் பாலில்லாத தேநீர்ச் சாயத்தையே கறுக்கக் கறுக்கக் காய்ச்சி அதில் நூலை ஊறப் போட்டேன். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை நிறம் அடங்கி, ராமையாவின் பச்சைக்குப் பக்கத்தில் வந்தது. நூல் மெல்லியது என்பதால் இரண்டு இழையாகச் சேர்த்து, இழுப்பை மாற்றி, கண்ணி ஒரே பருமனாக விழும்படி பின்னினேன். பின்னி முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தபோது எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது, வெட்கக்கேடு.

பார்வதி வாங்கியதும் முகத்தில் வைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இது யாரு கையி?"

ஒரு மாதம் போயிருக்கும். மழை நாள். பால் கொடுக்கிற நேரமில்லாத நேரத்தில் பார்வதி வந்து நின்றாள். ஸ்வெட்டர் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அக்கா, இத மோந்து பாருங்க." வலது கையை நீட்டினாள். நனைந்த கம்பளிக்கு ஒரு ஆட்டு வாடை உண்டு, அதோடு அடியில் கொஞ்சம் புகையும்.

இடது கையை நீட்டினாள். ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீரின் வாடை மட்டும்.

"நனைஞ்சா அவரு வாடை வரும். அடுப்புகிட்ட ஒக்காந்தா இந்தப் பக்கம் காய நேரமாகும், அந்தக் கையி மட்டும் சட்டுனு காஞ்சிருது. மூணு நாளாப் பாத்துட்டேன். இது யாரு கையி?"

நான் சொல்லிவிட்டேன். பொய் சொல்லத் தோன்றவில்லை என்பதல்ல, பொய் எதுவும் தயாராக இல்லை. அவருடைய நூல் எங்கே போனது என்று கேட்டாள். நுவரெலியாவுக்குப் போய், அங்கிருந்து எந்த நாட்டுக்கோ போய்விட்டது என்றேன். திரும்பக் கிடைக்காதா என்றாள். கிடைக்காது என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பிள்ளைகள் எழுந்திருக்கும், நானும் அவற்றைத் தூக்குகிற சாக்கில் தப்பித்திருப்பேன்.

"இந்தக் கைய எடுத்துருங்க" என்றாள்.

"பார்வதி, நல்ல நூல் எங்கயாவது கெடச்சதும் நான்..."

"எடுத்துருங்கக்கா. அவரோடது இல்லாதது எனக்கு வேணாம்."

அவள் போட்டிருந்தபடியே தோளோரத் தையலைப் பிரித்தேன். கை கழன்று வந்தது. தோளில் கண்ணி ஓடாமல் கட்டிவிட்டேன். அவள் அந்த நைலான் கையை என் மடியில் போட்டுவிட்டு, ஒற்றைக் கை ஸ்வெட்டரோடு மழையில் இறங்கிப் போனாள். அன்று முதல் குளிர் நாளெல்லாம் அதைத்தான் போட்டாள். பகலில் மலையில் ஏறி இறங்கும் நூறு பெண்களில் அவளை எங்கிருந்தும் எனக்கு அடையாளம் தெரியும்.

மடுவத்தில்

"ஏன் ஒரு கைதான் இருக்கு?" என்று லயத்தில் கேட்டவர்களுக்கு, "நூல் பத்தல" என்று மட்டும் சொன்னாளாம். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கு மேல் ஒருத்தியும் என்னிடம் நூல் தந்திருக்க மாட்டாள்.

ஆனால் ராமையாவின் ஸ்வெட்டருக்கு இரண்டு முழுக் கையும் இருந்ததை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பதில் இல்லாத இடத்தில் ஊர் தானே ஒரு பதிலை வைத்துக்கொள்ளும்.

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அதன் தாயிடம் கொடுக்கக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிப் போயிருந்தேன். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். கங்காணியின் மனைவி சரோஜாதான் ஆரம்பித்தாள்.

"ஏன்டி பார்வதி, ஒம் புருசன் சட்டைக்கு ரெண்டு கை இருந்துச்சே. ஒண்ண எங்கடி காணோம்?"

"சாராயக் கடையில வச்சுட்டு வந்திருப்பான்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். சரோஜா சிரிப்போடு சிரிப்பாக, "அதான் மரத்துல நிதானம் தப்பிருச்சு போல" என்றாள்.

ராமையா சாராயத்தைத் தொட்டவர் இல்லை. தீபாவளிக்குக்கூடத் தொட்டதில்லை. அங்கே நின்ற பலருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் வேடிக்கைப் பேச்சை யார் நிறுத்திச் சரிபார்ப்பார்கள்?

பார்வதி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் கையிலிருந்த பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். போட்ட பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டேன். அவள் திரும்பிக் கூடையைத் தூக்கித் தராசில் மாட்டினாள்.

பிறகு அவள் பின்னால் ஓடினேன். லயத்துக்குத் திரும்பும் படிக்கட்டில் பிடித்துவிட்டேன்.

"நீ ஏன் சொல்லல பார்வதி? நான்தான் எடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேங்க்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகும் எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. மறுநாள் மடுவத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம், அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். ஜெபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். சாமியார் ஹட்டனிலிருந்து வருகிறவர். ராமையா யாரென்றே அவருக்குத் தெரியாது.

வேடிக்கை ஒரே வருஷத்தில் கதையானது. குடித்துவிட்டு மரம் ஏறி விழுந்தவன் என்று ராமையாவைத் தெரியாத புது ஆட்களும் பேசினார்கள். லயத்தில் அவர்கள் இருந்த காம்பராவுக்கு "ஒத்தக்கை வீடு" என்று பெயர் விழுந்தது. தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர் விழுந்தால் கட்டை வேகும் வரை போகாது, சில வேளை அதற்குப் பிறகும் போகாது.

ஆட்சி மாறிக் கடைகளில் எல்லா நிற நூலும் வந்து குவிந்தபோது, அதே பச்சையில் நல்ல கம்பளி வாங்கிக்கொண்டு பார்வதியிடம் போனேன். "வேணாங்க்கா, இது போதும்" என்றாள். அதற்குள் என் பெயர் பரவியிருந்தது. நோனா அதே டிசைனைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பத்துப் பதினைந்து பெண்கள் எனக்காகப் பின்னினார்கள். எண்பதுகளில் நான் போட்ட மலைகள் எல்லாம் நீலமும் சாம்பலும்தான். பச்சையை என்னால் கொப்பியில் வைக்கவே முடியவில்லை. தேயிலை மலையைப் பச்சை இல்லாமல் காட்டியதைப் புதுமை என்று பாராட்டினார்கள். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கொட்டகலை வீட்டில்

பார்வதி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. அன்று தொட்டிலில் கிடந்த விஜி இப்போது கொட்டகலையில் டீச்சர். இந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. போன மாதம் பஸ் ஏறிப் போனேன்.

தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். வகுப்பில் கொப்பி திருத்துகிறவள் படிப்பது போல வரி வரியாக. முடித்த பிறகு தாள்களை மேசையில் வைத்தாள்.

"எங்கப்பாவ எனக்கு ஞாபகமே இல்லங்க. எனக்குத் தெரிஞ்ச அப்பா ஊரு சொன்ன அப்பாதான்" என்றாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ள வீட்டுல கேட்டாங்க, ஒங்கப்பா குடிச்சுட்டுத்தானே விழுந்தாருன்னு. ஆமாங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அம்மா சொல்லலயா விஜி, அவரு குடிக்க மாட்டாருன்னு?"

"சொல்லும். எத்தனையோ தடவ சொல்லுச்சு. செத்துப்போன புருசன எந்தப் பொம்பள விட்டுக்குடுப்பான்னு நான் நம்பல." மேசையில் தாள்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினாள். "சாகுற வரைக்கும் நான் நம்பல."

நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. தாள்களை மறுபடி எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். நான் இந்த அத்தியாயத்துக்கு "எதிர் மலை" என்று பெயர் வைத்திருந்தேன்.

"இது ஒங்க டிசைன் பேரு" என்றாள். "எங்கப்பா பேரு உள்ளுக்குள்ள எங்கயோ கெடக்கு. அதத் தூக்கி மேல போடுங்க. படிக்காம பக்கத்தப் பொரட்டுறவங்க கண்ணுலயும் அது படணும்."

அவள் சொன்னபடி மாற்றிவிட்டேன். இன்னும் ஒன்று கேட்டாள், நடந்ததைச் சுற்றி வளைக்காமல் கடைசியில் ஒரு தடவை எழுதச் சொல்லி. எழுதுகிறேன்.

கவ்வாத்துக்கார ராமையா குடிக்கிறவர் இல்லை. அதற்கு முந்தின நாள் மழையில் மரம் நனைந்திருந்தது, கிளை வழுக்கியது, விழுந்தார். அவர் தன் ஸ்வெட்டரை எங்கும் விற்கவில்லை, அடகும் வைக்கவில்லை. அதன் நூலை எடுத்தவள் ஸ்டெல்லா ஆகிய நான். அவர் விட்டுப்போன சட்டைக்கு இரண்டு கையும் இருந்தது.